பின் அடித்த பக்கங்கள்

ஏனுங்க தம்பி, அது கதைப் புஸ்தகமுங்களா? இல்லீங்க, சும்மாதான் கேட்டேன். நீங்க படிங்க. சத்தி பஸ் ஸ்டாண்டுல ஏறினதுல இருந்து பாக்கறேன், தலையை நிமித்தவே இல்லை. ஜன்னல் சீட்டைப் பிடிச்சுட்டு வெளிய பாக்காம புஸ்தகத்தையே பாத்துட்டு வர்ற ஆளை இப்பத்தான் பாக்கறனுங்க. அட்டையில என்ன, மண்டை ஓடுங்களா? சித்த காட்டுங்க. ஆங். மண்டை ஓடுதான். நெனச்சேன்.

தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த மாதிரி புஸ்தகத்துல எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அதுக்காகச் சால்வையே போத்தியிருக்காங்க. சொன்னா நம்ப மாட்டீங்க.

என்ற பேரு மோகனசுந்தரமுங்க. சத்தியில மோட்டார் பம்ப்செட் கடை வச்சிருக்கறேன். என்ற பொண்ணு சம்யுக்தா கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்து படிக்குதுங்க, ஒம்பதாவது. தீவாளிக்கு வரலைன்னு சொல்லிருச்சு. காலாண்டு லீவுக்கும் வரலை. ஸ்பெஷல் கிளாஸுன்னு சொல்லுது. அதான் நானே நேர்ல போயி கையோட கூட்டியாந்தரலாம்னு கெளம்பிட்டேன். வருமான்னு கேட்டீங்கன்னா, வரும். அப்பன் நேர்ல போயிக் கூப்பிட்டா வராம இருக்குமா? வருமுங்க.

இந்தப் பையில இருக்கறதும் புஸ்தகந்தான். பாப்பாவுக்குக் குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். அதுதான் கதையே. கேக்கறீங்களா? நீங்க படிச்சுட்டே கேட்டாலும் எனக்கு ஒண்ணுமில்லை.

போன வருசமுங்க. பாப்பா எட்டாவது. ஒரு நாள் பொழுதோட கடையை அடைச்சுட்டு ஊட்டுக்குப் போறேன். எங்கூட்டுல ஒரு பழக்கமுங்க, நாங்க யாரும் சொல்லிக் குடுத்ததில்லை, தானா வந்தது. தெருமுக்குல என்ற வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், உள்ள எல்லாம் அமைதியாயிரும். மிக்ஸி நின்னுரும், டிவி சத்தம் கொறைஞ்சுரும், பேசிட்டிருந்தாலும் பேச்சு நின்னுரும். அப்படி ஒரு மரியாதை. எத்தனை ஊட்டுல இருக்கும்னு நெனைக்கறீங்க? எங்க அண்ணன் ஊட்டுக்குப் போனா அவர் வந்ததே யாருக்கும் தெரியாது, பாவம்.

அன்னைக்கு உள்ள போறேன், பாப்பா ரூமுல மட்டும் விசும்பல் சத்தம். பாத்தா மடியில ஒரு தடிப் புஸ்தகம், கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. "என்ன கண்ணு?"ன்னேன். ஒண்ணுமில்லைன்னு புஸ்தகத்தைத் தலகாணிக்கு அடியில தள்ளுது. நான் சத்தம் போடற ஆளே இல்லீங்க. மெதுவாத்தான் கேட்டேன், யாரு செத்தாங்கன்னு. "யாரும் சாகலைப்பா. இந்தக் கதையில இமையோட அப்பாவுக்கு முதுகுல செதிள் மொளைக்க ஆரம்பிச்சிருச்சு"ன்னு சொல்லுது. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க.

ஒரு நிமிசமுங்க, போனு. கடையில இருந்து. ... சொல்றா. ... எது? ... எந்த வால்வைடா மாத்தச் சொன்னேன், நீ எதை மாத்தி வச்சிருக்கற? மண்டையில என்னத்தை வச்சிருக்கற, களிமண்ணா? ... வாயை மூடு. நான் பேசறப்ப வாயை மூடு. நாளைக்கு வந்து தோலை உரிக்கறேன் இரு. ... வைடா.

பாருங்க, சின்ன வேலையைக் கூட நாந்தான் சொல்ல வேண்டியிருக்குது. தங்கமான பையன். என்ன, போனை எடுத்தாலே கை நடுங்குமாம், அவங்கம்மா சொல்றாங்க. பலகீனமா இருக்கும், டானிக் வாங்கிக் குடுக்கச் சொல்லியிருக்கேன்.

எங்க விட்டேன்? ஆமா, செதிள். பள்ளிக்கூட லைப்ரரிப் புஸ்தகமுங்க. 'உலைமலை ராஜ்யம்'னு அஞ்சு பாகம். மந்திரம், மாயம், பேய், குகை, எல்லாம் ஒரே இருட்டு. எட்டாவது படிக்கற கொழந்தைக்கு இதைக் குடுக்கலாமுங்களா? எங்க பாப்பா மனசு ரொம்ப எளகின மனசு. எங்க குலதெய்வம் கோயில்ல கெடா வெட்டறப்ப, தலையெல்லாம் வரிசையா வைப்போமில்லீங்க, அதுக்குப் பக்கத்துலயே இருந்து தட்டுல எலுமிச்சம்பழம் அடுக்கிக் குடுக்குமுங்க, நாலு வயசுல இருந்து. அது சாமி காரியம், அதுல தப்பில்லை. ராத்திரி நாங்க சோறு உங்கறப்ப ஒரு சீரியல் ஓடும். அதுல மருமகக்காரி மாமியாளுக்குப் பால்ல விஷம் வைப்பா, மாமியாக்காரி அவளை உசுரோட சுவத்துக்குள்ள வச்சுப் பூசுவா. ஆனா அது குடும்பத்தோட உக்காந்து பாக்கறது. நடுவுல நான் வெளக்கமும் சொல்லுவேன். ஆனா தனியா ஒரு மூலையில உக்காந்து, பெத்தவங்களுக்குத் தெரியாம, ராட்சசன் கதை படிச்சு அழுகறதுன்னா அது வேற. வேறதானுங்க?

மக்யா நாளே, விடிஞ்சதும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். லைப்ரரியப் பாத்துக்கறது பிரிசில்லா டீச்சர்னு ஒரு அம்மா. ஒல்லியா இருப்பாங்க, குரலே வெளிய வராது. புஸ்தகத்தை மேஜை மேல வச்சேன். வச்சேன்னுதான் சொல்லணும், அந்தம்மா போட்டேன்னு சொல்லுச்சாம். இதையெல்லாம் யாருங்க வாங்கினதுன்னு கேட்டேன்.

அந்தம்மா சொல்றாங்க, "சார், இதுல இருட்டு இருக்குதுதான். ஆனா பிள்ளைங்க இருட்டைப் புஸ்தகத்துலதான் முதல்ல பாக்குதுன்னு நெனைக்கிறீங்களா?"

பின்ன வேற எங்கீங்க பாக்கும்? எங்கூட்டுல எல்லா ரூமுலயும் ரெண்டு ரெண்டு லைட்டு, கரண்டு போனா இன்வெர்ட்டர். அதைச் சொன்னேன். அந்தம்மா புஸ்தகத்தை என்ற பக்கமே தள்ளி வச்சுட்டு, கடைசிப் பாகம் வரைக்கும் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க சார்னு மட்டும் சொன்னாங்க.

நான் தாளாளரைப் பாத்தேன். அவரு நம்மகிட்டத்தான் போர் மோட்டார் வாங்கினவரு. உடனே பெத்தவங்க குழு ஒண்ணு போட்டாரு. நானும் ரைஸ்மில் செல்லமுத்தண்ணனும். செல்லமுத்தண்ணன் அட்டையைப் பாத்தாரு, கையில தூக்கிக் கனம் பாத்தாரு, எடைக்குப் போட்டரலாம்னுட்டாரு. நான் ஒத்துக்கலீங்க. மோட்டாரை ஓட்டிப் பாக்காம நல்லது கெட்டது சொல்ற பழக்கம் என்ற தொழில்ல கெடையாது. முழுசாப் படிச்சுத்தான் சொல்லோணும்னேன். சரி, நீங்களே படிங்கன்னு அஞ்சையும் என்ற தலையில கட்டிட்டு அவரு போயிட்டாரு.

கடையில உக்காந்து படிச்சனுங்க. கடமைக்குத்தான். ரெண்டாம் பாகம் படிக்கறப்ப ஒருத்தர் வந்து பைப்பு கேட்டு நின்னுட்டே இருந்திருக்காரு, பாவம், நான் கவனிக்கலை. அவரு எதுத்த கடைக்குப் போயிட்டாரு. மூணாம் பாகத்துல எங்க பங்காளி ஊட்டுக் கல்யாணமே மறந்து போச்சு. எல்லாம் கொழந்தைங்க நன்மைக்குத்தானுங்களே.

கதை என்னன்னா, உலைமலைன்னு ஒரு நாடு. அதுக்கு ஒரு ராசா. நல்ல ராசாதான், கோயில் கட்டறான், கொளம் வெட்டறான். ஆனா அவனுக்கு ஒரு சாபம். அவன் ஒவ்வொரு தடவை கோவத்துல வாயைத் தொறக்கறப்பவும் ஒடம்புல ஒரு செதிள் மொளைக்கும். அது அவனுக்குத் தெரியாது. அரமனையில எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டாங்க. ராசா வர்ற சத்தம் கேட்டா பொம்பளைங்க கொலுசைக் கழட்டி இடுப்புல சொருகிக்குவாங்க. சமையக்கட்டுல கரண்டி மேல துணி சுத்தி வச்சிருப்பாங்க. கொஞ்சங் கொஞ்சமா அவன் பெரிய பல்லி மாதிரி ஆயி, வாயில நெருப்பு வந்து, ஒரு குகையில போயிப் படுத்துக்குவான். அப்பவும் தலையில கிரீடம் வச்சுட்டு, நான் நல்ல ராசான்னுதான் நெனச்சுட்டு இருப்பான். அவன் மகதான் அந்த இமை. பன்னண்டு வயசுப் புள்ளை.

இதுல எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க வெளங்கலை. அதெப்படிங்க ஒருத்தனுக்குத் தான் ராட்சசன்னு தெரியாமப் போகும்? ஊட்டுல கண்ணாடி இருக்காதா? எழுதறவங்க கொஞ்சம் யோசிச்சு எழுத வேண்டாமா? எங்கூட்டுக்காரி கோகிலவாணிகிட்ட இதைச் சொன்னேன். அவ பாத்திரம் வெளக்கிட்டு இருந்தா. திரும்பவே இல்லை. "யாராவது சொன்னாத்தான தெரியும்"னா. அதுவும் சரிதான், சொல்லலாமில்ல, எத்தனை பேரு இருக்காங்க அரமனையிலன்னேன். அவ குழாயை இன்னும் வேகமாத் தொறந்து உட்டா. அவளுக்குக் கதையில அவ்வளவு ஈடுபாடு இல்லீங்க.

ஏம்மா, முன்சீட்டும்மா, அந்தக் கொழந்தையை அடக்க முடியாதா? பஸ்ஸுல எல்லாரும் வர்றாங்கல்ல? ... பாத்தீங்களா தம்பி, ஒரு வார்த்தைதான். கப்புன்னு வாயை மூடிருச்சு. கொழந்தைங்களுக்கு நம்மளைக் கண்டா ஒரு இது.

அப்பறம், புஸ்தகத்தைக் கிழிக்கக் கூடாதுன்னு தாளாளர் சொல்லிட்டாரு, பள்ளிக்கூடச் சொத்து. அதனால நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். கடையில அட்டைப்பெட்டிக்கு அடிக்கற பெரிய ஸ்டேப்ளர் இருக்குது. பின்னு ஒவ்வொண்ணும் இத்தனை தடிமன், செம்புக் கலரு. ஆகாத பக்கம் வந்தா மூணு பக்கமும் ஓரத்துல பின் அடிச்சுருவேன். யாரும் பிரிக்க முடியாது. ரத்தம் வந்தாப் பின். சூனியக்காரி வந்தாப் பின். ஒரு எடத்துல குதிரைக்காரப் பையன் இமை கையைப் பிடிச்சு ஆத்தைத் தாண்டி உடறான், அதுக்கு ரெண்டு வரிசை பின். அந்தப் புள்ளை அப்பனை எதுத்துப் பேசற எடம் நெறைய, அதெல்லாம் பின்னு. சண்டையில ஆயிரக்கணக்குல தலை உருளுது, அதை உட்டுட்டேன், அது வீரம். ராணி அந்தப் புள்ளைகிட்ட, "அப்பா தூங்கட்டும் கண்ணு, அப்பறம் நாம பேசிக்கலாம்"னு அடிக்கடி சொல்லுவா. அதையும் உட்டுட்டேன். ஒரு நல்ல பொம்பளை எப்படி இருக்கோணும்னு கொழந்தைங்க தெரிஞ்சுக்கட்டுமே.

நாலு பாகத்தையும் சுத்தம் பண்ணித் திருப்பிக் குடுத்தேன். நம்ப மாட்டீங்க தம்பி, அதுக்கு முந்தி அந்தப் புஸ்தகத்தை வருசத்துல ரெண்டு மூணு புள்ளைங்க எடுத்தா அதிகமாம். நான் பின் அடிச்சுக் குடுத்த பொறவு லைப்ரரியில வரிசை நிக்குது. ஆறாவது புள்ளைங்க கூட வந்து பேரு குடுத்துட்டுப் போகுதுங்க. எல்லாத்து கையிலயும் ஜாமெட்ரி பாக்ஸு. கணக்குல கூட ஆர்வம் வந்துருச்சுன்னு செல்லமுத்தண்ணன் சொல்றாரு. எதுக்கு லைப்ரரியில கூரான காம்பஸுன்னு எனக்கும் தோணுச்சு, அப்பறம் மறந்துட்டேன். கெட்டதை எடுத்துட்டா நல்லதைத் தேடி வருவாங்கன்னு ஆண்டு விழாவுல மைக்குல பேசினேன். புள்ளைங்க கை தட்டினதைப் பாக்கோணுமே, நிறுத்தவே இல்லை. அப்பத்தான் சால்வை. பிரிசில்லா டீச்சர் கூடச் சிரிச்சாங்க. அந்தம்மா சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

எங்க பாப்பா மட்டும் கை தட்டலை. கீழ பாத்துட்டு உக்காந்திருந்துச்சு. வெக்கம்.

அதுக்கப்பறம் பாப்பா ரொம்ப நல்ல புள்ளையாயிருச்சுங்க. புஸ்தகமே கேக்கலை. எதுவுமே கேக்கலை. கேட்டதுக்கு ஆமா, இல்லை, சரிப்பா. அவ்வளவுதான். எப்ப எழுதுச்சோ, கோயமுத்தூர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பரிச்சை எழுதி, அதுல சீட்டும் கெடைச்சிருச்சு. கோகிலவாணி கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா. எனக்கு லெட்டர் வந்தப்பறம்தான் தெரியும். அப்பாவுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு வச்சிருந்திருக்கும். ஆச்சரியமாத்தான் இருந்துச்சு.

ஜூன்ல கொண்டு போயி விட்டோம். வாரக்கடைசியில புள்ளை நல்ல சோறு உங்கட்டும்னு கோகிலவாணி அவ தங்கச்சி ஊட்டுல போயி இருந்தா, சரவணம்பட்டியில. மொதல்ல சனி ஞாயிறு. அப்பறம் வெள்ளிக்கெழமையே போயிருவா. அப்பறம் எதுக்குப் போயிட்டு வந்துட்டுன்னு அங்கயே இருக்கறா. நாந்தான் இருந்துக்கன்னு சொன்னேன். அவ கேக்கலை, நானாத்தான் சொன்னேன். எங்கூடு இப்ப ரொம்ப அமைதிங்க தம்பி. முந்தியெல்லாம் நான் போனாத்தான் அமைதியாகும். இப்பல்லாம் எனக்கு முந்தியே அமைதியா இருக்குது.

வெசனமெல்லாம் இல்லீங்க. டிவி இருக்குது. அந்தச் சீரியல் ஓடுது. அந்த மருமகளைச் சுவத்துல இருந்து வெளிய எடுத்துட்டாங்க. யாருகிட்டச் சொல்றது?

இப்ப இந்தப் பையில இருக்கற புஸ்தகம். அஞ்சாம் பாகமுங்க. இதை மட்டும் நான் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பித் தரலை. ஏன்னா இதோட கடைசி அத்தியாயம் கொஞ்சம் சரியில்லை. என்னன்னா, இமை குகை வாசலுக்குப் போயிருது. ஒரு சூனியக்காரி மூணு வழி சொல்லி அனுப்பியிருக்கா. ராசா தூங்கறப்ப நெஞ்சுல கத்தியைச் சொருகலாம். இல்லைன்னா, கிட்டப் போயி, சின்ன வயசுல அவனைக் கூப்பிட்ட பேரைச் சொல்லிக் கூப்பிடலாம். அவன் மனுசனா மாறினாலும் மாறுவான், நெருப்பைக் கக்கினாலும் கக்குவான். இல்லைன்னா, திரும்பிப் பாக்காம நடந்து போயிரலாம். புள்ளை வாசல்ல நிக்குது. உள்ள அவன் படுத்திருக்கான். காலடிச் சத்தம் கேட்டு ஒரு கண்ணைத் தொறக்கறான். அதோட அத்தியாயம் முடியுது. அடுத்தது கடைசி.

அதை நான் படிக்கலீங்க. படிக்காமயே ஓரம் பூராப் பின் அடிச்சு, பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். பாத்தாலே தெரியலையா, கொழந்தைங்களுக்கு ஆகாத எடம்னு. அன்னைக்குக் கடையில கரண்டும் இல்லை, கண்ணும் கலங்கலா இருந்துச்சு. தூசி.

போன வாரம் பாப்பாகிட்டப் போன்ல பேசினேன். எப்பவும் என்ன சாப்பிட்ட, என்ன மார்க்குன்னுதான் பேசுவேன். அன்னைக்கு என்னமோ வாய் தவறிக் கேட்டுட்டேன், "பாப்பா, அந்த ராசா கடைசியில மனுசனா ஆனானா இல்லியா?"ன்னு.

அந்தப் பக்கம் ஹாஸ்டல் மணி அடிக்கறது கேட்டுச்சு.

அப்பறம் சொல்லுச்சு, "நீங்கதானப்பா எல்லாத்தையும் படிச்சுட்டுப் பின் அடிச்சீங்க."

நான் என்னங்க சொல்றது? ஆமான்னேன். தீவாளிக்கு நான் வரலைப்பான்னு வச்சிருச்சு.

அதான் புஸ்தகத்தையே கொண்டு போயிக் குடுத்தரலாம்னு எடுத்துட்டு வந்தேன். ஹாஸ்டல் வாசல்ல வச்சுக் குடுத்தா சந்தோசப்பட்டு வந்துரும். ஆனா, படிச்சியாப்பான்னு மறுபடி கேட்டுச்சுன்னா? முடிவு என்னன்னு நானும் தெரிஞ்சுட்டுப் போகோணுமில்ல. அன்னூர் தாண்டிட்டோம், இன்னும் நேரம் இருக்குது. கண்ணாடியை வேற கடையிலயே மறந்துட்டு வந்துட்டனுங்க, எழுத்து ஒண்ணும் தெரியலை. நீங்கதான் படிக்கற ஆளாச்சே. சித்த அந்தப் பின்னை எடுத்து, கடைசி அத்தியாயத்தை மட்டும் பாத்துச் சொல்றீங்களா? நகம் வலிக்கும், பாத்து. கெட்டியான பின்னு.

என்னங்க?

சின்னப் பின்னா? இல்லியே. நம்ம பின்னு செம்புக் கலரு, தடிமனா இருக்கும். நல்லாப் பாருங்க.

வெள்ளையா? பொடிப் பின்னா? ... பக்கத்துல பெரிய ஓட்டை தெரியுதா. பழைய பின்னை எடுத்துட்டு, அதே எடத்துல அடிச்சிருக்குதா. வரிசையாவா இருக்குது?

பாப்பாகிட்ட ரோஸ் கலர்ல ஒண்ணு இருக்குமுங்க. பென்சில் டப்பாவுக்குள்ள வைக்கற ஸ்டேப்ளர். நாந்தான் வாங்கிக் குடுத்தேன். ஒண்ணாவது சேத்தறப்ப.

பீரோ சாவி அப்பக் கோகிலவாணிகிட்டத்தான் இருந்துச்சு.

அப்ப படிச்சிருக்குது. படிச்சுட்டு, எனக்குத் தெரியக் கூடாதுன்னு பழையபடி பின் அடிச்சு, உள்ள வச்சுட்டு, அப்பறம்தான் கோயமுத்தூர் போயிருக்குது.

இல்லீங்க, ஒண்ணுமில்லை. ஜன்னல்ல காத்து வருது, அதான்.

நீங்க பிரிங்க தம்பி. நீங்களே படிங்க. சத்தமாப் படிக்க வேண்டாம், அந்தக் கொழந்தை இப்பத்தான் தூங்குது. மனசுக்குள்ளயே படிச்சுட்டு, அந்தப் புள்ளை ராசாவைப் பேரு சொல்லிக் கூப்பிட்டுச்சுன்னா மட்டும் எனக்குச் சொல்லுங்க. திரும்பிப் பாக்காமப் போயிருச்சுன்னா சொல்ல வேண்டாம். ஸ்டேப்ளர் பையில அடியில இருக்குது. மறுபடி அடிச்சு வச்சுருங்க.